நான்கு ஏக்கர் வணிக வளாகம்: மட்டங்களும் குழாய்களும் சரிபார்த்தபோது கிடைத்தவை

தென்சென்னையில், மழைநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கி ஓடும் பகுதியில், ஒரு வணிக வளாகத்துக்கான வரைபடங்கள் மறுஆய்வுக்கு வந்தன. முன்பக்கம் கடைகளும் உணவுக்கூடமும், பின்னால் இரண்டு அலுவலகக் கட்டடங்கள், கீழே ஒரு பேஸ்மென்ட் பார்க்கிங். இடம் ஏறக்குறைய 16,000 சதுர மீட்டர். கட்டடத்தின் வலிமையை வேறொருவர் பார்த்தார். எங்கள் பொறுப்பு தரைமட்டம், மழைநீர், கழிவுநீர், குடிநீர், மின்கேபிள் பாதை ஆகியவை. இடத்தை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். அளவுகளை எளிதாகப் படிக்கக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன்.

அந்தப் பக்கத்து நிலவரம் தெரிந்தால்தான் மற்றது புரியும். ஆதம்பாக்கம், வேளச்சேரி, மடிப்பாக்கம் என்று சுற்றியுள்ள ஊர்களின் மழைநீர் ஓடைகள் வழியாகப் பள்ளிக்கரணைக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பிறகு பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். ஒட்டுமொத்த வழியும் தட்டை. ஒக்கியம் மடுவில் நீர் தேங்கினால் மேலே இருக்கும் எல்லா ஓடையும் மெதுவாகும். 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அன்று இந்தப் பகுதி எப்படி இருந்தது என்பதைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வந்த வரைபடங்கள் மொத்தம் ஆறு தொகுப்பு. கட்டடக் கலைஞருடையது, மண் நிரப்பு, மழைநீர், பிளம்பிங், மின்சாரம், சாலையும் பார்க்கிங்கும். ஒவ்வொன்றும் சுத்தமாக வரையப்பட்டிருந்தது. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதிலும் பெரிய குற்றம் சொல்ல முடியாது.

முதல் கூட்டத்திலேயே புராஜெக்ட் மேனேஜர் நம்பிக்கையோடு இருந்தார். "சார், ரோட்டை விட அஞ்சடி தூக்கிட்டோம். தண்ணி எங்க இருந்து வரும்?" என்றார். சாலை விளிம்பு கடல்மட்டத்துக்கு மேல் +4.40 மீட்டர். வளாகத்தின் தரை +5.85, கடைகளின் உள்தரை +6.30. அவர் சொன்னது ஏறக்குறைய சரிதான். ஆனால் சாலையைவிட எவ்வளவு உயரம் என்பது முதல் கேள்வி இல்லை. நீர் போய்ச் சேரும் ஓடை நிரம்பி நிற்கும்போது அதன் மட்டம் என்ன என்பதே முதல் கேள்வி. ஆறு தொகுப்பிலும் அந்த எண் எங்கும் இல்லை. மழைநீர் வரைபடத்தில் குழாய் பின்பக்கக் காம்பவுண்டு சுவரைத் தாண்டியதும் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் "ஓடைக்கு" என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

அந்த எண்ணைத் தேடி நாங்கள் ஆட்டோ லெவலை (மட்டம் அளக்கும் கருவி) தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனோம். 2015-இல் நீர் எதுவரை ஏறியது என்று கேட்டதும், அங்கே டீக்கடை வைத்திருக்கும் அக்கா சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டியைக் காட்டினார். "இதுக்குக் கீழ ரெண்டு விரல் தம்பி. அதுக்கு மேல ஏறல. ஃபிரிட்ஜை மேசை மேல தூக்கி வெச்சும் போயிடுச்சு." ஒருவர் நினைவை மட்டும் நம்பி ஒரு வளாகத்தின் மட்டத்தைத் தீர்மானிக்க முடியாது. அதனால் ஓடையோரம் ஒரு வீட்டுச் சுவரில் இருந்த கறையையும், ஒரு கோயில் படிக்கட்டில் இருந்தவர்கள் காட்டிய படியையும் அளந்தோம். மூன்றும் 8 செ.மீ. வித்தியாசத்துக்குள் வந்தன. பெரியதையே எடுத்துக்கொண்டோம்: +4.95. சாலையில் அரை மீட்டருக்கு மேல் நீர் நின்றிருக்கிறது என்று பொருள்.

இந்த ஓர் எண்ணை ஆறு தொகுப்பின் மேலும் கோடாக இழுத்துப் பார்த்ததும் பிரச்சினைகள் தாமாகவே வெளியே வந்தன.

முதலில் பேஸ்மென்ட் ரேம்ப். வளாகம் முழுக்க +5.85-இல் இருக்கிறது. ஆனால் ரேம்ப் பக்கவாட்டு கேட்டை ஒட்டித் தொடங்குகிறது; அங்கே தரை சாலையோடு பொருந்தச் சரிந்து +4.70-க்கு வந்துவிட்டது. அந்த வாயிலிருந்து நேராகக் கீழே இறக்கம். 2015 மட்டத்தில் நீர் வந்தால் 25 செ.மீ. ஆழத்தில் ரேம்ப் வழியாக பேஸ்மென்டுக்குள் கொட்டும். ஐந்தடி தூக்கியது முழுவதையும் ஒரே ஒரு வாசல் வீணாக்குகிறது. மண் நிரப்பு வரைபடத்தில் ரேம்ப் வெறும் கோடு போட்ட ஒரு கட்டம். மட்டம் ரேம்பின் குறுக்குவெட்டுப் படத்தில் மட்டும் இருந்தது, அந்தத் தாள் வேறு தொகுப்பில். தீர்வு எளிது, விலை கொஞ்சம் வலி: இறங்கும் முன் ரேம்பை +5.40 வரை ஏற்றி ஒரு முகடு வைத்து அப்புறம் இறக்குவது. 1-க்கு 8 சரிவில் (8 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம்) ஏறவும் கூடுதலாக இறங்கவும் சேர்த்துப் பதினோரு மீட்டருக்கு மேல் நீளம் கூடியது. சில கார் இடங்கள் போயின. இந்தக் குறிப்புக்குத்தான் கூட்டத்தில் அதிக நேரம் வாக்குவாதம் நடந்தது. கார் இடம் என்றால் விற்பனைக் கணக்கில் வரும் பொருள்.

அடுத்து மின்சாரம். மின்வாரிய ஆட்கள் சாலையிலிருந்து எளிதாக வர வேண்டும் என்பதால் ஆர்எம்யு பெட்டி (உயர் அழுத்த மின்இணைப்புக்கான சுவிட்ச் பெட்டி) கேட்டருகே +4.75-இல் உட்கார்ந்திருந்தது. அதை மேடையில் ஏற்றச் சொன்னோம், உடனே ஒத்துக்கொண்டார்கள். கேபிள் குழாய்கள்தான் உண்மையில் பார்க்க வேண்டியவை. கேட்டிலிருந்து பேஸ்மென்ட் பேனல் அறைக்கு ஆறு குழாய்கள், பேஸ்மென்ட் சுவரைத் துளைக்கும் இடம் +3.60. கேபிள் போகும் குழாய் நீருக்கும் குழாய்தான். சாலைப் பக்கக் கேபிள் பள்ளம் நிரம்பினால் நேராகப் பேனல் அறைக்கு வழி. துளைக்கும் இடத்தில் நீர்புகா உறை, காலியாக விட்ட உபரிக் குழாய்களுக்கும் அடைப்பு, பேனல் அறையை மேல்தளத்துக்கு மாற்றுவது என்று எழுதினோம். முதல் இரண்டும் நடந்தன. மூன்றாவதற்குப் பதிலாகப் பேனல்களை மேடை கட்டி உயர்த்தினார்கள். என்னைக் கேட்டால் அது பாதித் தீர்வு.

பேஸ்மென்ட் சம்ப் பம்ப்களின் வெளியேற்றுக் குழாய் உள்ளேயே ஒரு மழைநீர் மேன்ஹோலில் போய்ச் சேர்ந்தது, அதுவும் +4.95-க்குக் கீழே, தடுப்பு வால்வு இல்லாமல். ஓடை நிரம்பினால் பம்ப் நின்ற நிமிடத்தில் நீர் அதே குழாயில் திரும்பி வரும். குழாயை +5.50 வரை ஏற்றி வளைத்து விடச் சொன்னோம், வால்வும் சேர்த்து.

இனி மழைநீர்க் கணக்கு. ஆலோசகர் எடுத்தது மணிக்கு 50 மி.மீ. மழை, ஓட்டக் குணகம் (பெய்யும் மழையில் மண்ணில் இறங்காமல் ஓடிவரும் பங்கு) 0.6. வரும் நீர் விநாடிக்கு 133 லிட்டர். 1-க்கு 300 சரிவில் 450 மி.மீ. குழாய் ஏறக்குறைய 160 லிட்டர் கொண்டுபோகும், சரி என்று முடித்துவிட்டார். 0.6 எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். நடைபாதையும் பார்க்கிங்கும் நீர் இறங்கும் பேவர் பிளாக், அதனால் பாதி நீர் மண்ணில் போய்விடும் என்றார். பேவர் நீர் இறங்கும் வகைதான், சந்தேகமில்லை. அதன் கீழே மண் இருக்கிறதா? பேஸ்மென்ட் இடத்தின் மூன்றில் இரண்டு பங்குக்குப் பரவியிருக்கிறது. பேவர் வழியாக இறங்கும் நீர் ஓரடி மணலைத் தாண்டியதும் கான்கிரீட் கூரையில் முட்டி நிற்கும். கார் நிற்கும் இடம் என்றாலும் அது மொட்டைமாடியேதான். குணகம் 0.9 என்று மாற்றினோம்.

மழைநீர் சேகரிப்புக் குழிகளையும் அவர் கணக்கில் கழித்திருந்தார், நாற்பது குழி, மொத்தம் 140 கன மீட்டர். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், குழிகள் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த இடத்தில் களிமண், நவம்பரில் நிலத்தடி நீர் ஓரிரு அடியில் நிற்கும். ஐப்பசி மழையிலேயே நிரம்பிவிட்ட குழி கார்த்திகைப் புயலுக்கு ஒரு வாளி நீரைக்கூட வாங்காது. சட்டத்துக்காகவும் கோடைக்காகவும் குழி இருக்கட்டும், வெள்ளக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம் என்று எழுதினோம்.

மழையளவையும் மணிக்கு 75 மி.மீ. ஆக உயர்த்தியதும் வரும் நீர் விநாடிக்கு 300 லிட்டர் ஆனது. "சரி சார், 600 குழாய் போட்டுடறோம்" என்றார் மேனேஜர். கணக்குப்படி 600 தாராளமாகப் போதும். அதை நாங்கள் ஏற்கவில்லை. இடம் புல்லும் புதருமாக இருந்தபோது அதே மழைக்கு இங்கிருந்து ஓடைக்குப் போனது விநாடிக்கு 120 லிட்டருக்குள். அதை 300 ஆக்கி அனுப்பினால் ஓடையின் கீழ்ப்பக்கம் இருப்பவர்கள் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். 120-க்கு மேல் விடாமல் மீதியை உள்ளேயே பிடித்து வைக்கச் சொன்னோம். ஒரு மணி நேர மழையில் 1,080 கன மீட்டர் சேரும், அதில் 430 வெளியே போகும், 650-ஐ நிறுத்தி வைக்கத் தொட்டி வேண்டும். உள்குழாய்கள் பெரிதாகின, தொட்டி வந்தது, வெளியேறும் இடத்தில் முதலில் வரைந்த அதே 450 குழாயே கடைசியில் நின்றது. ஆலோசகருக்கு அதில் ஒரு சின்ன மகிழ்ச்சி.

தொட்டியை எங்கே வைப்பது என்பதில் ஒரு நல்ல சிக்கல். இடத்தின் தாழ்ந்த மூலை பின்பக்கம், ஓடையை ஒட்டி. முதல் திருத்தத்தில் தொட்டியை அங்கேதான் போட்டார்கள். பார்த்தால் அந்த மூலைதான் திறந்தவெளி ஒதுக்கீடான 1,600 சதுர மீட்டர். 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் பத்து சதவீதத்தை ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நாளை மாநகராட்சிப் பூங்காவாகப்போகிற நிலத்துக்கு அடியில் தனியார் தொட்டி வைக்க முடியாது. தொட்டி முன்பக்கம் பேஸ்மென்ட் இல்லாத பார்க்கிங்குக்குக் கீழே வந்தது: 650 சதுர மீட்டர் பரப்பு, நீர் நிற்கும் ஆழம் ஒரு மீட்டர்தான். ஆழமாகத் தோண்டினால் ஓடைக்குத் தானாக வடியாது, அதனால்தான் அகலம். ஓடை உயர்ந்து நிற்கும் நேரத்துக்கு மூன்று பம்ப், ஒன்று உபரி, மூன்றும் ஜெனரேட்டர் இணைப்பில். அந்த நிலத்தடி நீரில் காலித் தொட்டி மிதக்கப் பார்க்கும். மேலே மண்ணும் பேவரும் போட்ட பிறகே எடை போதும். ஆகவே தொட்டி கட்டி முடித்து மேலே மண் போடாமல் அக்டோபரைத் தாண்டக் கூடாது என்று வரைபடத்திலேயே பெரிய எழுத்தில் எழுத வைத்தோம்.

பேஸ்மென்ட் தோண்டும் வரிசைக்கும் அப்படி ஒரு குறிப்பு போனது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானப் பள்ளத்தின் ஓரம் சரிந்து உயிர்கள் போனது எல்லோருக்கும் நினைவிருந்ததால் இதற்கு யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் காகிதத்தில் கண்டுபிடிக்கக்கூடியவை. பெரிய விஷயம் காகிதத்தில் இல்லை. ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காம்பவுண்டுக் கல் நட்டிருந்த எல்லையோரமாக நடந்துபோனோம். முன்பக்க வடகிழக்கு மூலையில் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆளுயரத்துக்கு மண்டியிருந்தது. அந்தப் புதருக்குள் நீர் ஓடும் சத்தம். வாட்ச்மேன் அரிவாள் கொண்டுவந்து வெட்டிக் கொடுத்தார். உள்ளே சாலைக்கு அடியில் வரும் ஒரு 900 மி.மீ. கல்வெர்ட் குழாய், அடிமட்டம் +3.50, பாதிக்கு மேல் நீரோடு நேராக எங்கள் இடத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கோணலாக இடத்தைக் கடந்து பின்னால் ஓடையில் சேர்கிறது. சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் குடியிருப்பின் மழைநீர் முழுக்க இந்த வழிதான். டீக்கடை அக்காவின் வாசல் நீரும் அதில்தான் போகிறது.

சர்வே வரைபடத்தில் இது இல்லை. சர்வேயர் எல்லைக்கு உள்ளே மட்டும் அளந்திருக்கிறார், புதருக்குள் கம்பு போகவில்லை. வருவாய்த் துறைப் புலப்படத்தில் வாய்க்காலைக் குறிக்கும் இரட்டைக்கோடு பக்கத்து சர்வே எண்ணோடு நின்றுவிடுகிறது. பட்டா நிலம், வாய்க்கால் புறம்போக்கு எதுவும் குறுக்கே இல்லை என்று வழக்கறிஞர் கொடுத்த கருத்து அந்தக் காகிதத்தின்படி சரி. நீர் பட்டா பார்த்துப் போவதில்லை. திட்டப்படி மண்ணை நிரப்பிச் சுவரையும் எழுப்பியிருந்தால் அந்தக் கல்வெர்ட்டின் வாய் இரண்டு மீட்டருக்கு மேல் மண்ணில் புதைந்துபோயிருக்கும். முதல் மழையிலேயே எதிர்வீடுகளில் நீர் புகும். வளாகம் மட்டும் உலர்ந்து நிற்கும். பிறகு சாலை மறியல், ஜேசிபி, சுவர் இடிப்பு என்று போகும் கதையை இந்த ஊரில் பலமுறை பார்த்தாயிற்று.

எதிர்ப்புறப் பரப்பு ஐந்து ஹெக்டேர் அளவு வந்தது. 75 மி.மீ. மழைக்கு விநாடிக்கு 730 லிட்டர், வளாகத்தின் சொந்த நீரைப்போல் இரண்டரை மடங்கு. இதை வளாகத்தின் குழாயோடு கலக்கவே கூடாது என்றோம். பக்கவாட்டுத் திறந்தவெளியில் 160 மீட்டர் நீளத்துக்கு 1.2 மீட்டர் அகலமான மூடிய கான்கிரீட் கால்வாய், +3.50-இல் தொடங்கி +2.70-இல் ஓடையில் முடியும். கணக்குக்கு அவ்வளவு அகலம் வேண்டியதில்லை. ஆனால் பிளாஸ்டிக்கும் மண்ணும் வரும் நீர் இது, திறந்து தூர்வார இடம் வேண்டும். அதே திறந்தவெளிதான் தீயணைப்பு வண்டிப் பாதையும் என்பதால் கால்வாயின் மூடி அந்த வண்டியின் பாரத்துக்கு வடிவமைக்கப்பட்டது.

செலவைக் கேட்டதும் மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது எங்க தண்ணி இல்லையே சார்" என்றார். உண்மைதான். அதற்கான பணம் வேறொரு பக்கத்திலிருந்து கொஞ்சம் கிடைத்தது.

நீர்வளத் துறை, வெள்ளம் தேங்குவது குறித்துக் கொடுத்த தடையின்மைச் சான்றில் தரைமட்டம் குறைந்தது +5.30 இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. +5.85 என்பது பாதுகாப்புக்கு என்று கூட்டிக் கூட்டி வந்த எண். அந்த உயரத்தால் நடைபாதையிலிருந்து கடை வாசலுக்கு 1.75 மீட்டர் ஏற வேண்டும். சக்கர நாற்காலிக்கு 1-க்கு 12 சரிவு என்றால் 21 மீட்டர் ரேம்ப், நடுவே நின்று போகச் சமதளம் வேறு. முன்பக்கம் அவ்வளவு இடமில்லை என்று 1-க்கு 8 போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் தனியாகச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏற முடியாது. வெள்ள மட்டம் +4.95 என்று தெரிந்த பிறகு அந்தப் பயக் கூடுதல் தேவையில்லை. தரை +5.40, உள்தரை +5.70 என்று இறக்கினோம். வெள்ளத்துக்கு மேல் உள்தரைக்கு முக்கால் மீட்டர் இடைவெளி, ரேம்ப் 14 மீட்டருக்குள் 1-க்கு 12-இலேயே வந்துவிட்டது. பேஸ்மென்ட் இல்லாத பரப்பில் மட்டும் 2,400 கன மீட்டர் கிராவல் மிச்சம். அந்த மிச்சம் கால்வாய்ச் செலவு முழுவதையும் அடைக்கவில்லை, ஆனால் பேச்சை முடித்து வைக்கப் போதுமானதாக இருந்தது.

கழிவுநீரில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மழைநீர் வரைபடத்தில் ஓரிடத்தில் குழாயின் அடிமட்டம் +2.90. பிளம்பிங் வரைபடத்தில் அதே இடத்தைக் கடக்கும் கழிவுநீர்க் குழாய் 98.70. முதலாமவர் கடல்மட்டக் கணக்கில் எழுதியிருக்கிறார், இரண்டாமவர் சாலை விளிம்பை 100.000 என்று வைத்துக்கொண்டிருக்கிறார். எண்கள் இவ்வளவு தூரம் விலகி இருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. மாற்றிப் போட்டால் 98.70 என்பது +3.10, 450 குழாயின் உள்ளே +2.90-க்கும் +3.35-க்கும் நடுவில். அதாவது உணவுக்கூடத்தின் கழிவுநீர் மழைநீர்க் குழாயைக் குத்திக்கொண்டு போகிறது. தளத்தில் மேஸ்திரி இதைக் கண்டுபிடித்திருப்பார், அன்றைக்கே ஏதோ ஒரு குழாயைச் சரிவில்லாமல் தூக்கி வைத்துச் சமாளித்தும் இருப்பார். கழிவுநீர் வழியை வடக்கே திருப்பிக் குறுக்கீட்டையே எடுத்துவிட்டார்கள். எல்லாத் தாளிலும் கடல்மட்டக் கணக்கு மட்டும் என்பது எங்கள் குறிப்புகளில் மிக மலிவானது, ஒரு ரூபாய் செலவில்லை.

எஸ்டிபியின் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) உபரி நீர் மழைநீர் மேன்ஹோலுக்குப் போனதையும் வெட்டினோம். அலுவலகத்தில் 2,500 பேர், ஆளுக்கு 45 லிட்டர், அதில் 20 ஃபிளஷுக்கு என்பது வழக்கமான கணக்கு. ஃபிளஷ், குளிர்விப்புக் கோபுரம், செடிகள் என்று சுத்திகரித்த நீரெல்லாம் தீர்ந்துவிடும் என்று காட்டியிருந்தார்கள். கோடைக்கு அது பொருந்தும். மழைக்காலத்தில் செடிக்கு நீர் வேண்டாம், கோபுரமும் குறைவாகவே இழுக்கும். மிஞ்சுவதை நிறுத்திவைக்க மூன்று நாள் தொட்டி கேட்டோம், இரண்டு நாள் தொட்டியில் முடிந்தது. குடிநீர்ப் பகுதியில் குறிப்பிட ஒன்றும் இல்லை, லாரிகள் நிற்கும் இடத்தை ரேம்ப் வாயிலிருந்து நகர்த்தினதைத் தவிர.

கட்டி முடித்தபின் மட்டங்களை மறுபடி அளந்தோம். ரேம்ப் முகடு +5.41, கால்வாய் முடிவு +2.72, ஆர்எம்யு மேடை வரைபடத்தில் இருந்தபடியே. வெளியேற்றுக் குழாய் +2.60 என்று வரைந்தது +2.66-இல் உட்கார்ந்திருந்தது, சரிவு கொஞ்சம் குறைந்தாலும் ஏற்கத்தக்கது. ஓடைத் தரை நாங்கள் முதலில் அளந்தபோது +2.30. இப்போது குழாய் வாயில் +2.50 வரை வண்டல். ஓடை நீர் குழாய்க்குள் திரும்பி வராமல் தடுக்க அங்கே பொருத்தியிருக்கும் மடல் கதவு வெளிப்பக்கம் திறக்கும் வகை, அதன் கீழ்விளிம்புக்கும் வண்டலுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. கதவைக் குழாயோடு 20 செ.மீ. உயர்த்தவும், பின்பக்கச் சுவரில் ஓடைக்கு இறங்க ஒரு சின்ன கேட் வைக்கவும் எழுதிக் கொடுத்தோம். கேட் வைத்துவிட்டார்கள். கதவு இன்னும் பழைய உயரத்தில்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பு மட்டும் எங்கள் பட்டியலில் மூடப்படாமல் நிற்கிறது.